‘ஓ.ஆர்.எஸ். குடுங்க’ என்று கேட்பவருக்கு எதை எடுத்துக் கொடுக்கிறீர்கள்? மருந்துக்கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

மருந்துக்கடை நடத்தும் அண்ணன்களுக்கும், கவுண்டரில் நின்று மருந்து எடுத்துக் கொடுக்கும் தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

நேரில் வந்தே சொல்லியிருக்கலாம். ஆனால் சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் உங்கள் கடை முன்னால் நின்று நாலு வார்த்தை பேச முடியாது. பின்னால் நிற்பவர் தோளுக்கு மேலே சீட்டை நீட்டிக்கொண்டே இருப்பார். அதனால்தான் எழுதுகிறேன். நான் ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியர். தடுப்பூசி, கர்ப்பிணிப் பதிவு, எடை பார்ப்பது எல்லாவற்றுக்கும் நடுவில், ஓ.ஆர்.எஸ். (பேதியில் இழந்த தண்ணீரையும் உப்பையும் ஈடுகட்டும் கரைசல்) பொட்டலத்தை ஒவ்வொரு வீட்டுத் திண்ணையிலும் வைத்து ‘இதை இப்படிக் கலக்கணும்மா’ என்று சொல்லிக்கொண்டே இருந்தது என் வேலையில் பாதி. மீதிப் பாதி வேலையை உங்கள் கவுண்டர் செய்கிறது. ராத்திரி பத்து மணிக்குக் குழந்தைக்குப் பேதி என்றால் துணை சுகாதார நிலையம் பூட்டியிருக்கும், உங்கள் கடை திறந்திருக்கும்.

விஷயத்துக்கு வருகிறேன். அப்படி ராத்திரி ஓடிவரும் ஒரு அப்பா ‘ஓ.ஆர்.எஸ். குடுங்க’ என்கிறார். உங்கள் கை எங்கே போகிறது? பொடிப் பொட்டலம் கிடக்கும் டப்பாவுக்கா, ஆப்பிள் படமும் ஆரஞ்சுப் படமும் போட்ட டெட்ரா பேக் அடுக்கிய ரேக்குக்கா? பல கடைகளில் அது ரேக்குக்குத்தான் போனது, பல வருஷமாக. கேட்டவருக்கு வித்தியாசம் தெரியாது. ஸ்ட்ரா வைத்து உடனே குடிக்கலாம், கலக்குகிற வேலையும் இல்லை என்று வாங்கிக்கொண்டு போய்விடுவார். மறுநாள் பேதி கூடியிருந்தால், ஓ.ஆர்.எஸ். கொடுத்தும் கேட்கவில்லை என்று டாக்டரிடம் சொல்வார். உண்மையில் அவர் கொடுத்தது ஓ.ஆர்.எஸ்ஸே இல்லை.

இது இப்போது சட்டப்படியும் முடிந்த விஷயம். ஹைதராபாத்தைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் பல வருஷம் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்: உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி இல்லாத சர்க்கரைப் பானங்கள் எப்படித் தங்கள் பெயரில் ஓ.ஆர்.எஸ். என்ற எழுத்துகளைப் போட்டுக்கொள்ளலாம் என்று. 2022 ஏப்ரலில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் அது கூடாது என்றது. அதே வருஷம் ஜூலையில், ‘இது உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த ஓ.ஆர்.எஸ். அல்ல’ என்று ஒரு வரி போட்டால் போதும் என்று இறங்கி வந்தது. அந்த ஒரு வரியை யார் படித்தார்கள்? கண்ணாடி போட்டுக்கொண்டு நான் தேடிப் படித்திருக்கிறேன். பேதியில் துவண்ட பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்பவர் படிக்கமாட்டார். கடைசியில் 2025 அக்டோபர் 14 அன்று ஆணையம் அந்தச் சலுகையை அடியோடு எடுத்துவிட்டது. பெயருக்கு முன்னாலோ பின்னாலோ ஒட்டிக்கொண்டுகூட அந்த எழுத்துகள் வரக்கூடாது. ஒரு மருந்து நிறுவனம் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. அக்டோபர் 31 அன்று, பொதுமக்கள் உடல்நலம் சம்பந்தப்பட்டது என்று சொல்லி நீதிமன்றம் தலையிட மறுத்தது.

சரி, அத்தோடு முடிந்ததா? முடியவில்லை, அதனால்தான் இந்த மடல். பெயர்தான் போகிறது, பெட்டிக்குள் இருக்கும் பானத்துக்குத் தடை இல்லை. வேறு பெயரில், அதே பழப்படத்தோடு, அதே ரேக்கில் அது உட்கார்ந்திருக்க முடியும். வாடிக்கையாளர் பழைய வழக்கத்தில் ஓ.ஆர்.எஸ். என்றே கேட்பார். அந்த நேரத்தில் உணவுப் பாதுகாப்பு அதிகாரியும் நீதிபதியும் பக்கத்தில் இருக்கமாட்டார்கள். உங்கள் கை மட்டும்தான் இருக்கும்.

ஏன் இவ்வளவு பிடிவாதம், கொஞ்சம் சர்க்கரை கூடினால் என்ன என்று சிலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். பார்மசி படித்தவர்களுக்கு இது தெரிந்ததுதான். கவுண்டரில் இருக்கும் எல்லோரும் பார்மசி படித்தவர்கள் இல்லை என்பது நமக்குள் இருக்கட்டும். அவர்களுக்காகச் சொல்கிறேன்.

நம் குடலுக்குள் ஒரு நாளில் சுமார் 8, 9 லிட்டர் திரவம் வருகிறது. நாம் குடிப்பதும் சாப்பிடுவதும் அதில் இரண்டு லிட்டர்போலத்தான். எச்சில், இரைப்பைச் சுரப்பு, பித்தம், கணைய நீர், குடலே சுரப்பது என்று மீதி எல்லாம் உடம்புக்குள்ளிருந்தே வருவது. ஆரோக்கியமாக இருக்கும்போது இதில் ஏறக்குறைய முழுவதையும் குடல் திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. மலத்தோடு போவது 100, 200 மில்லிதான். பேதி என்பது இந்தக் கணக்கு தலைகீழாவது. கடுமையான காலராவில் ஒரு பெரிய ஆளுக்கு மணிக்கு ஒரு லிட்டர் வரைகூடப் போய்விடும். வெறும் தண்ணீராகப் போனால்கூடப் பரவாயில்லை. சோடியம், பொட்டாசியம், பைகார்பனேட் எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு போகிறது. ரத்தத்தில் சோடியம் லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல் என்ற குறுகிய வரம்புக்குள் நிற்க வேண்டியது. பொட்டாசியத்துக்கு இன்னும் குறுகிய வரம்பு. இவை ஆடினால் தசை ஆடும், இதயம் ஆடும், மூளை ஆடும். பெரியவர்கள் உடம்பில் சுமார் 60 சதவீதம் தண்ணீர் என்றால், பச்சைக் குழந்தைக்கு 75 சதவீதம். பத்துக் கிலோ குழந்தை ஒரு லிட்டர் இழந்தால் அது உடம்பு எடையில் பத்தில் ஒன்று. உயிருக்கே ஆபத்தான கட்டம். அதே ஒரு லிட்டரை நீங்களும் நானும் இழந்தால் தலைசுற்றலோடு போய்விடலாம்.

இழந்ததை வாய்வழியாகவே திரும்பக் கொடுக்க முடியும் என்பதைக் கண்டுபிடிக்க ரொம்ப நாள் ஆனது. வெறும் உப்புத் தண்ணீர் கொடுத்தால் பேதியில் இருக்கும் குடல் அதைச் சரியாக எடுத்துக்கொள்வதில்லை. 1960இல் ராபர்ட் கிரேன் என்ற விஞ்ஞானி ஒன்றைச் சொன்னார்: குடல் சுவரில் குளுக்கோஸும் சோடியமும் கைகோத்துக்கொண்டு ஒரே வாசல் வழியாகத்தான் உள்ளே போகின்றன. அவை போனால் தண்ணீரும் பின்னாலேயே போகிறது. இதில் அதிசயம், காலரா நஞ்சு குடலை எவ்வளவு பாடுபடுத்தினாலும் இந்த வாசலை மட்டும் அடைப்பதில்லை. ஓ.ஆர்.எஸ்ஸின் மொத்த ரகசியமும் இவ்வளவுதான். சர்க்கரை அதில் இருப்பது ருசிக்காக இல்லை, தெம்புக்காகவும் இல்லை. சோடியத்தை உள்ளே அழைத்துப்போகத்தான் இருக்கிறது. அதனால் அந்த வேலைக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவுதான் இருக்க வேண்டும்.

சர்க்கரை கூடிப்போனால் என்ன ஆகும்? உறிஞ்சப்படாத சர்க்கரை குடலுக்குள் தங்கி, உடம்பிலிருந்து தண்ணீரைக் குடலுக்குள் இழுக்கும். பேதி கூடும். அதாவது மருந்து என்று கொடுத்ததே நோயை வளர்க்கும். இதை அந்த டெட்ரா பேக் வாங்கிப்போகும் அப்பாவிடம் யாரும் சொல்வதில்லை.

அளவு விஷயத்தில் உலக சுகாதார நிறுவனமே ஒருமுறை தன்னைத் திருத்திக்கொண்டிருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். பழைய கலவையின் மொத்தச் செறிவு (கரைந்திருக்கும் துகள்களின் அளவு) லிட்டருக்கு 311 மில்லி ஆஸ்மோல். அது குழந்தைகளுக்குச் சற்றுக் கூடுதல் என்று ஆய்வுகளில் தெரிந்து, 2002இல் 245ஆகக் குறைத்தார்கள். இப்போதைய கலவையில் ஒரு லிட்டருக்கு சோடியம் குளோரைடு 2.6 கிராம், நீரற்ற குளுக்கோஸ் 13.5 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், சோடியம் சிட்ரேட் 2.9 கிராம். 311க்கும் 245க்கும் நடுவில் இருக்கும் வித்தியாசத்துக்கே உலகம் முழுக்கப் பொட்டலத்தை மாற்றினார்கள். ஒரு சாதாரண குளிர்பானத்தில் லிட்டருக்கு 100 கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கிறது. இதற்கு மேல் நான் விளக்க வேண்டுமா?

உங்களுக்கு ஒரு சுலபமான சோதனை சொல்கிறேன். ரேக்கிலிருந்து எந்த எலக்ட்ரோலைட் (உப்புச்சத்து) பானத்தையும் எடுத்துப் பின்பக்கம் திருப்புங்கள். 100 மில்லிக்கு எவ்வளவு என்று போட்டிருக்கும். அங்கே சர்க்கரை 1.35 கிராம் பக்கத்திலும், சோடியம் 170 மில்லிகிராம் பக்கத்திலும், பொட்டாசியம் 78 மில்லிகிராம் பக்கத்திலும் இருந்தால் அது ஓ.ஆர்.எஸ். கணக்குக்கு ஒத்துவருகிறது. சர்க்கரை அஞ்சு, எட்டு, பத்து என்று போய், சோடியம் இரண்டு இலக்கத்திலேயே நின்றுவிட்டால் அது ஜூஸ். ஜூஸாக விற்கலாம், தப்பில்லை. தாகத்துக்குக் குடிக்கட்டும். பேதிக்குக் கொடுக்காதீர்கள். திரவமாகவே விற்கும் பானங்களில் சரியான அளவில் இருப்பவையும் உண்டு. அவற்றின் மேல் உலக சுகாதார நிறுவனக் கலவை என்று தெளிவாகப் போட்டிருக்கும். டெட்ரா பேக் என்பதற்காக ஒன்றை ஒதுக்க வேண்டாம், பொடி என்பதற்காக ஒன்றை நம்பவும் வேண்டாம். பொடியிலும் ‘எனர்ஜி’ என்று போட்டு வெறும் குளுக்கோஸ் வருகிறது. வெயிலுக்குக் கலக்கிக் குடிக்கும் குளுக்கோஸ் டப்பாவை ஓ.ஆர்.எஸ்ஸுக்குப் பதிலாக நீட்டும் கடைகளும் இருக்கின்றன.

இந்தப் பொட்டலம் எவ்வளவு பெரிய விஷயம் என்பது நமக்கே மறந்துபோய்விட்டது. 1971இல் கிழக்கு வங்காளத்திலிருந்து (இன்றைய வங்கதேசம்) லட்சக்கணக்கில் அகதிகள் வந்தபோது மேற்கு வங்கத்தில் போங்கான் முகாமில் காலரா பரவியது. டாக்டர் திலீப் மகலனாபிஸ் அங்கே போனார். ட்ரிப்ஸ் பாட்டில்கள் தீர்ந்துகொண்டே வந்தன. ஏற்றத் தெரிந்த ஆட்களும் போதவில்லை. அவர் கல்கத்தாவிலிருந்து குளுக்கோஸ், சாப்பாட்டு உப்பு, சமையல் சோடா மூன்றையும் அளந்து பொட்டலம் கட்டிக் கொண்டுவரச் செய்தார். லிட்டருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சோடா. டிரம்களில் கரைத்து வைத்தார்கள். நோயாளியின் அம்மா, அண்ணன், பக்கத்துப் படுக்கைக்காரர் என்று யார் யாரோ குவளையில் மொண்டு மொண்டு கொடுத்தார்கள். நூற்றுக்கு முப்பது பேர் இறந்துகொண்டிருந்த இடத்தில், இந்தச் சிகிச்சை பெற்றவர்களில் இறப்பு 3.6 சதவீதமாக இறங்கியது. 1978இல் லான்செட் மருத்துவ இதழ், இந்த நூற்றாண்டின் மிக முக்கியமான மருத்துவ முன்னேற்றம் இதுவாக இருக்கக்கூடும் என்று எழுதியது. மகலனாபிஸ் 2022 அக்டோபரில் காலமானார். பத்ம விபூஷண் அவருக்கு வந்தது 2023இல், மறைவுக்குப் பிறகு. இருக்கும்போதே கொடுத்திருக்கலாம்.

அங்கே டிரம்மிலிருந்து மொண்டு கொடுத்தவர்கள் யாரும் டாக்டர் இல்லை என்பதைக் கவனியுங்கள். அளவை ஒருவர் சரியாகக் கட்டிக்கொடுத்தார், மற்றவர்கள் பொறுமையாகக் கொடுத்தார்கள். உங்கள் கடையிலிருந்து பொட்டலம் வாங்கிப்போகும் குடும்பத்துக்கும் அதேதான் வேண்டும்: சரியான அளவு, சரியாகக் கலக்கும் முறை.

கலக்கும் முறையைத்தான் நாம் ரொம்ப அலட்சியம் செய்கிறோம். ஒரு லிட்டர் பொட்டலத்தை வாங்கிப்போய், ஒரு டம்ளர் தண்ணீரில் பாதியைக் கொட்டிக் கலக்கும் வீடுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ‘ஸ்ட்ராங்கா இருந்தாத்தானே நல்லாக் கேக்கும்’ என்பது அவர்கள் நியாயம். கணக்குப் போட்டுப் பாருங்கள். பாதிப் பொட்டலத்தை 200 மில்லியில் கலந்தால் சோடியம் லிட்டருக்கு 187 மில்லிமோல் அளவுக்கு ஏறிவிடும். ரத்தத்தில் இருப்பதே 140 சொச்சம்தான். ஏற்கெனவே வறண்டு கிடக்கும் குழந்தைக்கு இது போனால் ரத்தத்தில் சோடியம் ஏறி, வலிப்புவரை கொண்டுபோய்விடும். இன்னொரு பக்கம், ஒரு ஸ்பூன் பொடியை ஒரு சொம்பில் போட்டுத் தண்ணியாகக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அது வெறும் தண்ணீர் கொடுத்தது மாதிரிதான்.

இதைத் தடுக்க உங்களுக்கு அரை நிமிஷம் போதும். பொட்டலத்தோடு ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலையும் நீட்டுங்கள் (உங்களுக்கும் வியாபாரம்தான்). ‘இந்த பாட்டில் முழுசுக்கும் இந்தப் பொட்டலம் முழுசும். மிச்சம் வைக்கக் கூடாது. இருபத்து நாலு மணி நேரத்துக்கு அப்புறம் கீழே ஊத்திடுங்க’ என்று சொல்லுங்கள். வீட்டிலேயே ஆறவைத்த வெந்நீர் இருந்தால் அதுவே போதும், ஆனால் அளவு அந்த ஒரு லிட்டர்தான். பாலில் கலக்கக் கூடாது, ஜூஸில் கலக்கக் கூடாது, மேலே சர்க்கரை போடக் கூடாது, கலந்தபிறகு சுடவைக்கக் கூடாது. 200 மில்லிக்கான சின்னப் பொட்டலமும் வருகிறது. கைக்குழந்தை இருக்கும் வீட்டுக்கு அது ரொம்ப வசதி. ஆனால் பெரிய பொட்டலத்தையும் சின்னப் பொட்டலத்தையும் ஒரே டப்பாவில் கலந்து போட்டு வைக்காதீர்கள். போனமுறை ஒரு லிட்டர் பொட்டலம் வாங்கியவர் இந்தமுறை சின்னதை வாங்கிக்கொண்டுபோய் ஒரு லிட்டரில் கரைப்பார்.

எவ்வளவு கொடுப்பது என்று கேட்பார்கள். இரண்டு வயதுக்குக் கீழே என்றால் ஒவ்வொரு முறை பேதி போனபிறகும் 50 முதல் 100 மில்லி, அதற்கு மேல் பத்து வயதுவரை 100 முதல் 200 மில்லி, பெரியவர்களுக்குக் குடிக்க முடிந்த அளவு. வாந்தி எடுத்தால் பத்து நிமிஷம் பொறுத்து மறுபடி ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுக்கச் சொல்லுங்கள். மடக் மடக்கென்று ஊற்றினால் மறுபடி வாந்திதான். தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது, சோற்றை நிறுத்தக் கூடாது. ‘வயித்தைக் காயப்போடு’ என்று பாட்டிகள் சொல்வார்கள். சில கவுண்டரிலும் சொல்கிறார்கள், அதுதான் வருத்தம். கஞ்சி, இட்லி, தயிர்ச்சோறு எது இறங்குகிறதோ அதைக் கொடுக்கலாம்.

துத்தநாகத்தை மறந்துவிடுகிறோம். ஜிங்க் மாத்திரை, ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்கு நாளுக்கு 20 மில்லிகிராம், அதற்குக் கீழே 10, பேதி நின்றபிறகும் விடாமல் 10 முதல் 14 நாள் என்று உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 2004இலேயே சொல்லிவிட்டன. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, நாட்டில் பேதி வந்த குழந்தைகளில் 60.6 சதவீதம் பேருக்கு ஓ.ஆர்.எஸ். கிடைத்திருக்கிறது, ஜிங்க் 30.5 சதவீதம்தான். இந்த 60இல் எத்தனை பேருக்கு டெட்ரா பேக் ஓ.ஆர்.எஸ். என்ற கணக்கில் ஏறியது என்று நான் யோசிப்பதுண்டு.

இப்போது நீங்கள் சொல்ல நினைப்பது எனக்குத் தெரியும். ‘நாங்க என்ன பண்றது, கஸ்டமர் அதைத்தான் கேக்குறார். பொட்டலம் நீட்டினா மூஞ்சியைச் சுளிக்கிறார்.’ நியாயமான பேச்சு. ஆனால் இதைப் பற்றி ஒரு ஆராய்ச்சி நடந்திருக்கிறது. கர்நாடகத்திலும் பீகாரிலும் 2,000க்கும் மேற்பட்ட தனியார் சிகிச்சையாளர்களிடம், குழந்தைக்குப் பேதி என்று சொல்லி நோயாளி வேஷத்தில் ஆட்களை அனுப்பினார்கள். 2024இல் சயின்ஸ் இதழில் அது வெளிவந்தது. ஓ.ஆர்.எஸ். கொடுக்காமல் போவதற்கு மூன்று காரணங்களைச் சோதித்தார்கள்: கையிருப்பு இல்லாமை, லாபம், நோயாளிக்கு அது பிடிக்காது என்ற நினைப்பு. கொடுக்காமல் விட்டதில், கையிருப்பு இல்லாததால் 6 சதவீதம். லாபத்தால் 5 சதவீதம். பிடிக்காது என்ற நினைப்பால் 42 சதவீதம்! வந்தவர் ஓ.ஆர்.எஸ். வேண்டும் என்று வாயைத் திறந்து சொன்னால், கொடுப்பது 27 சதவீதப் புள்ளி கூடியது. அங்கே போனது மருந்துக்கடைக்கு மட்டும் அல்ல, டாக்டர்களிடமும்தான். ஆனால் சேதி நமக்கும் பொருந்தும். நீங்களெல்லாம் லாபத்துக்காகத்தான் செய்கிறீர்கள் என்று ஊரில் பேசிக்கொள்வார்கள்; நான் அப்படி நினைக்கவில்லை. பொட்டலத்தில் உங்களுக்கு நிற்பது சில்லறைதான் என்பதும் தெரியும். ஆனால் வாடிக்கையாளர் மனசில் இருப்பது இதுதான் என்று நாமே முடிவுகட்டிக்கொள்வதில்தான் பெரும் பகுதி தவறிப்போகிறது. இங்கேயோ அவர் ஓ.ஆர்.எஸ். என்று பெயர் சொல்லியே கேட்கிறார். எலக்ட்ரால் என்று பிராண்டுப் பெயரில் கேட்பவரும் அதைத்தான் கேட்கிறார். அதற்கு மேல் என்ன வேண்டும்?

ருசி பற்றி ஒரு வார்த்தை. குழந்தை குடிக்கமாட்டேன் என்கிறது, உப்புக் கரிக்கிறது என்பார்கள். உடம்பு நிஜமாக வறண்டிருக்கும் குழந்தை பெரும்பாலும் அந்தக் கரிப்பையும் பொருட்படுத்தாமல் குடித்துவிடும். கொஞ்சம் ஜில்லென்று கொடுத்தால் இன்னும் சுலபமாக இறங்கும். பழச்சுவை சேர்த்த சரியான கலவைப் பொட்டலங்களும் இருக்கின்றன. அதை வைத்திருங்கள்.

நம் ஊரில் இதற்கெல்லாம் மேலே உட்கார்ந்திருக்கும் பெரிய எதிரி ட்ரிப்ஸ். ‘ஒரு குளுக்கோஸ் ஏத்திட்டா சரியாயிடும்’ என்று கிளினிக் வாசலில் காத்திருக்கும் கூட்டத்தை எல்லோரும் பார்த்திருக்கிறோம். 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ்தான்) அரை லிட்டர் பாட்டிலில் இருப்பது 25 கிராம் சர்க்கரை. அதில் உப்பு சுத்தமாக இல்லை. கிடைக்கும் சக்தி நூறு கலோரிக்குள்ளே, அஞ்சாறு ஸ்பூன் சர்க்கரை தின்றதுபோல. நார்மல் சலைன் (உப்புத் தண்ணீர் ட்ரிப்ஸ்) என்றால் அரை லிட்டரில் 4.5 கிராம் உப்பு, பொட்டாசியம் இல்லை. இரண்டும் தேவைப்படும் இடங்கள் உண்டு. குடிக்கவே முடியாத அளவு துவண்ட குழந்தைக்குச் சரியான திரவத்தை நரம்பில் ஏற்றித்தான் உயிரைப் பிடிக்க முடியும். ஆனால் வாயால் குடிக்க முடிகிற ஆளுக்கு, சோடியமும் பொட்டாசியமும் குளுக்கோஸும் சேர்ந்து இருக்கிற சின்ன விலைப் பொட்டலம் அந்த பாட்டிலைவிட முழுமையானது. இதை நான் சொன்னால் ‘நர்ஸம்மா ஏத்த மாட்டேங்குது’ என்று கோபிப்பார்கள். நீங்கள் சொன்னால் கேட்பார்கள். வியாபாரி வேண்டாம் என்று சொல்வதற்கு ஒரு மரியாதை இருக்கிறது.

அப்புறம், டாக்டர் சீட்டு இல்லாமல் ஆன்டிபயாடிக் ஸ்ட்ரிப்பைப் பாதியாக வெட்டிக் கொடுப்பது. அதற்கு வேறு மடல் எழுத வேண்டும். இங்கே ஒன்றே ஒன்று: குழந்தைகளுக்கு வரும் பேதியில் பெரும்பகுதி வைரஸால் வருவது, அதை எந்த ஆன்டிபயாடிக்கும் தொடாது. பேதியை ஒரேயடியாக நிறுத்தும் லோபெரமைடு மாத்திரையைச் சின்னக் குழந்தைக்குக் கையாலும் தொடாதீர்கள்.

எதிர்ப்பக்கத்தையும் சொல்லாவிட்டால் நான் நேர்மையாக எழுதியதாக ஆகாது. ஓ.ஆர்.எஸ். தினசரி குடிக்கும் டானிக் இல்லை. கத்திரி வெயில் வந்தால் வேலைக்குப் போகிறவர்கள் தினம் ஒரு பொட்டலம் வாங்குவதைப் பார்க்கிறேன். சாலைபோடும் ஆளும், செங்கல் சூளை ஆளும், உப்பளத்தில் நிற்பவரும் நாள் முழுக்க வியர்வையாகக் கொட்டுகிறார்கள். அவர்களுக்கு நியாயம் இருக்கிறது. ஏ.சி. அறையில் உட்கார்ந்திருப்பவருக்கு இல்லை. ஒரு லிட்டர் ஓ.ஆர்.எஸ்ஸில் 1,725 மில்லிகிராம் சோடியம் இருக்கிறது. உப்புக் கணக்கில் சொன்னால் ஏறக்குறைய 4.4 கிராம். ஒரு நாளைக்கு மொத்த உப்பே 5 கிராமுக்குள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ரத்தக்கொதிப்பு மாத்திரையும் ஓ.ஆர்.எஸ்ஸும் ஒரே பில்லில் வாங்குகிறவரிடம் ‘பேதிக்கா, வெயிலுக்கா?’ என்று ஒரு கேள்வி கேளுங்கள். சிறுநீரக நோயாளிக்குப் பொட்டாசியமும் சிக்கல். இளநீரும் அவருக்கு ஆகாது, அதில் பொட்டாசியம் இன்னும் அதிகம். இளநீரை ஓ.ஆர்.எஸ்ஸுக்குச் சமம் என்று சொல்வது நம் ஊர்ப் பாசம். சோடியம் அதில் போதாது. வெயிலுக்கு உப்புப் போட்ட மோர் குடிக்கலாம், இளநீர் குடிக்கலாம், பானைத் தண்ணீர் குடிக்கலாம். காலரா மாதிரி கொட்டும் பேதிக்கு இவற்றை நம்பி உட்காரக் கூடாது.

பொட்டலம் தீர்ந்துபோன ராத்திரிக்கு வீட்டிலேயே செய்யும் வழி உண்டு. ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. இதில் பொட்டாசியம் இல்லை, அளவு பிசகவும் வாய்ப்பு உண்டு. அதனால் விடிந்ததும் பொட்டலம் வாங்கிவிட வேண்டும்.

எப்போது உங்கள் கவுண்டரிலிருந்து நேராக ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும் என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். குழந்தை மயங்கிய மாதிரி கிடக்கிறது, கண் உள்ளே போயிருக்கிறது, குடிக்கவே முடியவில்லை, பல மணி நேரமாக மூத்திரம் போகவில்லை, வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் மடிப்பு மெதுவாகத்தான் மறைகிறது, மலத்தில் ரத்தம். இவற்றில் ஒன்று சொன்னாலும் எதையும் விற்காதீர்கள், ஆட்டோ பிடிக்கச் சொல்லுங்கள். முதியவர்களையும் இதில் சேர்த்துக்கொள்ளுங்கள். வயசானால் தாகமே சரியாகத் தெரியாது. ‘தாத்தா தண்ணியே கேக்கல’ என்பதை நல்ல அறிகுறி என்று வீட்டில் நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

நான் கேட்பது பெரிய மாற்றம் இல்லை. அந்தப் பழப்படப் பானங்களை மருந்து ரேக்கிலிருந்து எடுத்து, சாக்லேட்டும் சோடாவும் வைத்திருக்கும் பக்கம் மாற்றுங்கள். சரியான கலவைப் பொட்டலத்தை, காசு வாங்கும் இடத்தில் கண்ணில் படும்படி வையுங்கள். பக்கத்திலேயே ஜிங்க். உங்கள் மாவட்ட மருந்து வணிகர் சங்கக் கூட்டத்தில், 200 மில்லிப் பொட்டலம் தட்டுப்பாடில்லாமல் வர வேண்டும் என்று மொத்த வியாபாரிகளிடம் ஒரு வார்த்தை போடுங்கள். புதிதாக வேலைக்குச் சேரும் பையனுக்கு, பொண்ணுக்கு, மாத்திரைப் பெயர்களோடு சேர்த்து அந்த அரை நிமிஷப் பேச்சையும் சொல்லிக்கொடுங்கள். காசில்லை என்று தயங்குபவர்களிடம், ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஓ.ஆர்.எஸ்ஸும் ஜிங்க்கும் இலவசம் என்று சொல்லி அனுப்புங்கள். உங்கள் வியாபாரம் ஒன்றும் குறைந்துவிடாது.

கலக்கும் முறையைப் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதிக் கவுண்டர் கண்ணாடியில் ஒட்ட விரும்பினால், அந்தப் பகுதிச் செவிலியரிடம் கேளுங்கள். எழுதிக் கொடுத்துவிட்டு, வாரம் ஒருமுறை வந்து தாள் கிழியாமல் இருக்கிறதா என்றும் பார்த்துவிட்டுப் போவார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஒரு கிராம சுகாதாரச் செவிலியர்